வீரன் தோளில் ஒரு கறை

அந்த வீரன் ஒரு மின்னஞ்சலில்தான் வந்து சேர்ந்தான். இணைப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் இரும்புக் கவசம் மாட்டிய ஒருவன் தலையைக் குனிந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கிரகம் எரிகிறது, மேலே மழை கொட்டுகிறது. இவ்வளவு மழை பெய்தால் தீ அணைய வேண்டாமா என்று எனக்கு அப்போதே சந்தேகம். படத்துக்குக் கீழே, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் எழுதியிருந்தார்: கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் இந்தப் படம், ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் துணி கேட்கிறவருக்கும் இங்கே துணி தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற உத்தியோகம். அதுவரை என் ராஜ்ஜியம் குழந்தைகள் உடுப்பு. முயலின் ஒரு காது குட்டையாகிவிட்டது என்று பிரிண்டிங் யூனிட்டில் போய் ஆடியிருக்கிறேன். நிலாவுக்குப் போட்ட மஞ்சள் காமாலைக் கண் மாதிரி இருக்கிறது என்று ஒரு லாட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் தடவையாக என் கையில் ஒரு பட்டாளத்துக்காரனைக் கொடுத்தார்கள். அவன் ஏதோ ஒரு நாவல் வரிசையின் நாயகனாம். எதிர்காலத்தில், விண்வெளியில், முடிவே இல்லாத ஒரு போரில் மாட்டிக்கொண்டவன். அந்த நாவல்களைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் இந்த டி-ஷர்ட்.

படத்தை முதலாளியிடம் காட்டினேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து பனியனுக்கு மாறியவர், தீவிர முருக பக்தர். தன்னைவிட ஒரு வயது மூத்தவரைக்கூட அதட்டிப் பேச வாய் வராது. கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இவரு எதுக்குங்க இப்புடி நிக்கறாரு? ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"கூட இருந்த படை பூராவும் செத்துப் போச்சுங்க. இவர் மட்டுந்தான் மிச்சமுங்க."

"அடப்பாவமே. லேசா சிரிக்கறாப்புடி போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாமுங்களா? மொத பீஸு சாமிகிட்ட வெக்கோணுமில்லீங்க?"

எங்கள் கம்பெனியில் அது ஒரு வழக்கம். புது ஆர்டர் வந்தால், பையர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரிச் சட்டை கொரியரில் வந்ததும் நேரே முருகன் படத்துக்கு முன்னால் போகும். சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதன் பிறகுதான் தையலுக்கு உத்தரவு. சிரிக்க வைக்க பையர் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்த வீரன் இருந்த முகத்தோடேயே சாமி காலடியில் போய்க் கிடந்தான். எங்கள் சாமியும் படைத்தளபதிதான். கையில் வேல், எதிரே சூரன், அப்போதும் முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. அவருக்குக் கீழே இந்த எதிர்காலத்துத் தளபதி பரீட்சையில் கோட்டை விட்டவன் போல நின்றிருந்தான். பார்க்கிற எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மாதிரிச் சட்டையோடு பையர் மூன்று தடித்த புத்தகங்களையும் அனுப்பியிருந்தார். படித்தால்தான் படத்தின் கனம் புரியுமாம். முயல் போட்ட சட்டைக்கு யாராவது முயல் வளர்க்கச் சொன்னார்களா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் டவுன் பஸ்ஸில் போகிற வருகிற நேரத்தில் முதல் புத்தகத்தைப் பிரித்தேன்.

இந்த வகை நாவல்களைப் பற்றி இப்போது எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அங்கே யாரும் சாப்பிடுவதில்லை. குழாயிலிருந்து ஏதோ பசையைப் பிதுக்கி விழுங்குகிறார்கள், அதற்கும் பாதியில் சைரன் அடித்துவிடுகிறது. ஒரு கிரகத்தையே நொடியில் பொசுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியவில்லை. யாருக்கும் அம்மா இல்லை. தலைமையகம் என்று ஒன்று இருக்கிறது, துரோகம் செய்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. சண்டை நடக்காத காலத்தில் வீரனை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த போருக்கு எடுத்து உருக வைக்கும்போது, அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கிழண்டு செத்துப்போயிருக்கிறார்கள். எந்தப் படையில் சேர்ந்தாலும் அவன்தான் கடைசி ஆள். எங்கள் பக்கமாக இருந்தால் ஜாதகத்தைப் பார்க்காமல் இப்படி ஒருவனை வேலைக்கு எடுத்திருக்கவே மாட்டார்கள். இவ்வளவும் போதாதென்று இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை அவன் தொடுவானத்தை வெறித்துப் பார்க்கிறான். விண்வெளியில் ஏது தொடுவானம் என்று நாம் கேட்கக் கூடாது.

இப்படியெல்லாம் நொட்டை சொல்லிக்கொண்டே படித்தவள், ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு நெருப்பெரிச்சல் என்கிற ஊர் வரைக்கும் போய்விட்டேன். வீரனுக்கு உயிரான ஒரு தோழன் இருந்தான். அவன் அடிபட்டுக் கிடக்க, இவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற கட்டம். மூக்கைச் சிந்திக்கொண்டே ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தைத்து முடித்த துணியைச் சோதித்து, தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்குகிற பகுதிக்கு ஃபினிஷிங் என்று பெயர். டீ நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, செக்கிங் பார்க்கிற அக்காமார்களுக்குக் கதை சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் இரண்டு பேர் கேட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அயர்ன் டேபிளில் இருந்தவர்களும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூத்த செக்கிங் அக்கா ஒருவர் உண்டு. கதையில் எது வந்தாலும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கும்.

"ஏங்கண்ணு, இவனுக்கு லீவே கெடையாதா? ஆடி பதினெட்டுக்குக்கூட உட மாட்டாங்களா?"

"அங்க ஆடி மாசமே இல்லக்கா."

"அப்பறம் என்ன நாடு அது? அந்தத் தலைமையகத்துக்கு நேராப் போயி நாலு வார்த்தை நறுக்குனு கேக்கறத உட்டுப்போட்டு, மழையில நனைஞ்சுட்டு நின்னா ஆச்சா?"

"அப்பிடியெல்லாம் கேக்க முடியாது தாயி," என்று அதற்கு இன்சார்ஜ் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். "மேல இருந்து ஆர்டர் வந்தா ஆர்டர்தான். ஏன்னு கேட்டா அது பட்டாளமா?"

அது மிலிட்டரி அண்ணன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, முறுக்கிய மீசை. குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே ஒற்றை அறையில். பல வருஷமாக எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். கன்டெய்னர் லாரி வந்தால் கதவைத் திறப்பது, போனால் மூடுவது. நடுவில் பேச ஆள் கிடையாது. உள்ளேயிருந்து போகிற டீகூட ஆறித்தான் போய்ச் சேரும். எல்லையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று யாராவது கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்பார். அதைக் கேட்டு எங்களுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

ஃபினிஷிங் இன்சார்ஜாக இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, பட்டாளத்துக்காரர் என்றால் கட்டுப்பாடு இருக்கும் என்று முதலாளி அண்ணனை உள்ளே அழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். முதல் நாள் அவர் நாற்காலியைத் துடைத்தார், மேஜையைத் துடைத்தார், பிறகு ஃபேனைத் துடைத்தார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். "இம்புட்டுப் பேரு நடுவுல உக்காந்திருக்கிறதே ஒரு சொகந்தான் மேடம்," என்று என்னிடம் சொன்னார். அவர் பொறுப்பில் போகிற முதல் ஆர்டர் இந்த வீரன் ஆர்டர்தான். ஒழுங்காகப் போனால் நாற்காலி நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி கேட் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவர் எழுந்து பாத்ரூம் போனால்கூட அந்த நாற்காலியில் யாரும் கையை வைக்க மாட்டோம்.

பிரிண்ட் அடித்துத் தைத்த சட்டைகள் ஃபினிஷிங்குக்கு வந்த நேரத்தில் நான் ஊரில் இல்லாத மாதிரிதான். வேறொரு ஆர்டரில் பச்சை சரியாக வரவில்லை என்று முதலிபாளையத்தில் ஒரு யூனிட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"மேடம், பெரிய டேமேஜ் ஒண்ணைப் பிடிச்சுட்டேன். பிரிண்டிங்ல ஸ்கிரீன்ல ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா கலர் ஒழுகி, எல்லாப் பீஸுலயும் படத்துல இருக்கிறவன் தோள்ல ஒரே எடத்துல கறை. பிரிண்டிங்காரன் பாத்தானா, தையக்காரன் பாத்தானா, ஒருத்தனும் பாக்கல. நம்ம பிள்ளைக உக்காந்து ஒண்ணொண்ணா எடுக்குதுக."

செக்கிங் டேபிளில் அக்காமார்கள் வரிசையாக உட்கார்ந்து, கறை எடுக்கிற துப்பாக்கியால் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எத்தனையோ கிரகங்களில் குண்டு மழைக்குத் தப்பிய அந்தக் கறை எங்கள் அக்காமார்களின் துப்பாக்கிக்குத் தப்பவில்லை. வீரன் இடது தோள் பளிச்சென்று, இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணா, அது படத்திலேயே இருக்கிற கறை. மாதிரிச் சட்டையிலயும் இருக்குதே!"

அண்ணன் மேஜைக்கு மேலே தொங்கிய மாதிரிச் சட்டையைப் பார்த்தார். "அது முதலாளி வச்ச குங்குமம்ல மேடம்?"

நானும் பார்த்தேன். சாமியிடமிருந்து வந்த சட்டை. கழுத்துப் பட்டியில் ஒரு பொட்டு, நெஞ்சில் ஒரு பொட்டு, அதற்குச் சற்றுத் தள்ளிப் படத்தில் வீரன் தோளில் செம்பழுப்பாக அந்தக் கறை. எது முதலாளி வைத்தது, எது பையர் வைத்தது என்று முருகனே வந்து சொன்னால்தான் உண்டு. "அதோட மேடம், எந்தப் பட்டாளத்துக்காரனாவது யூனிபாரத்துல கறையோட வந்து நிப்பானா?" என்றார் அண்ணன். அவருக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை.

நான் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அதுவரை சொல்லாத இரண்டாம் புத்தகத்தைச் சொன்னேன். தோளில் தூக்கிக் காப்பாற்றிய அதே தோழன் பிறகு ஒரு உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறான். அவனைச் சுட்டுவிடு என்று தலைமையகம் வீரனுக்கே உத்தரவு போடுகிறது. வீரன் சுடுகிறான். தோழன் அவன் தோளில் சாய்ந்துதான் சாகிறான். அந்த ரத்தத்தை அவன் கடைசிவரை கழுவவே இல்லை. அதுதான் அந்தக் கறை. அதற்காகத்தான் ஆட்கள் இந்தச் சட்டையையே வாங்குகிறார்கள்.

துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக மேஜையில் இறங்கின. மூத்த அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அட கருமமே. அதையா நாங்க தொடச்சுப்போட்டோம்?" பிறகு கையிலிருந்த சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஆனாலும் நல்லதுதாங்கண்ணு. எத்தனை காலத்துக்கு அதையே பாத்துட்டு இருப்பான்?" என்றார்.

அண்ணன் எழுந்து, இன்னும் மருந்து படாத சட்டைகளைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

முதலாளி வந்தார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மறுபடி பிரிண்ட் அடிக்கலாமா என்றால், பிரிண்ட் என்பது தைப்பதற்கு முன்னால் வெட்டிய துணியில் அடிப்பது, தைத்து முடித்த சட்டையில் அதே இடத்தில் உட்காராது என்று யூனிட்காரர் போனிலேயே கைவிரித்துவிட்டார். பிரஷ் வைத்துக் கையால் தொட்டுவிடலாம் என்றார் ஒருவர். தொட்டுப் பார்த்ததில் வீரன் பீடா துப்பிய மாதிரி ஆனான். குங்குமத்தையே எண்ணெயில் குழைத்து வைத்துவிடலாமா என்று முதலாளி நிஜமாகவே கேட்டார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அண்ணனை நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நல்லெண்ணத்துல பண்ணுனதுதானுங்க. ஆனா திங்கக்கெழமை பையரே நேர்ல வர்றாருங்க. அவரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாருன்னா, அண்ணன் மறுபடி கேட்டுக்குப் போறதுதானுங்களே மொறை?"

அண்ணன் குதிகாலைச் சேர்த்து நின்றார். "சரிங்க முதலாளி."

முதலாளி போனதும் மேஜை டிராயரைத் திறந்து தன் டம்ளரை எடுத்தார், சீப்பை எடுத்தார், ஒரு பையில் போட்டார். இன்னும் பையர் விமானமே ஏறவில்லை, இவர் கிளம்பத் தயாராகிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீரன் மேல் ஆத்திரம், அவனை எழுதியவர் மேல் ஆத்திரம், சொன்னதும் குதிகாலைச் சேர்க்கிற ஆம்பளைகள் எல்லார் மேலும் ஆத்திரம். அந்தப் பையைப் பிடுங்கி டம்ளரைத் திரும்ப டிராயரிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் புத்தகம் இன்னும் பிரிக்காமலே கிடந்தது. காலையில் பல் விளக்கியதும் அதை எடுத்து உட்கார்ந்தேன். எனக்குக் கதை வேண்டாம், தோள் வேண்டும். எந்தப் பக்கத்திலாவது அவன் குளித்தானா, மழையில் கறை கரைந்ததா, கவசத்தை மாற்றினானா? அவன் குளிக்கவே இல்லை. அத்தனை மழையும் அந்தக் கறையை ஒன்றும் செய்யவில்லை. பொரியல் கருகிவிட்டது என்று அம்மா இரண்டு தடவை கத்தினாள். நான் அப்போது ஒரு கிரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வீரன் கடைசியில் செத்துப்போகிறான். அதுவும் எப்படி? ஒரு காலிக் கிடங்கைக் காவல் காக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று தலைமையகம் சொன்னது அவனுக்கு வந்து சேரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத கிடங்குக்காக நின்று செத்தான். புத்தகத்தைச் சுவரில் எறியலாம் என்று ஓங்கினேன். ஆனால் இன்னும் சில பக்கங்கள் மீதி இருந்தன. அதில் அவனுடைய கவசம் ஒரு சாமான் கிடங்குக்கு வருகிறது. அங்கே பெயரில்லாத ஒரு ஸ்டோர்காரன். அவன் தண்ணீரை எடுத்து, அந்தத் தோளைத் தேய்த்துத் தேய்த்துக் கறையைப் போக்குகிறான். கவசம் யாருக்கோ அளவு சரியாக இருக்கும், அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. நான் ஓவென்று அழுதேன். பிறகு துள்ளிக் குதித்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த அம்மா, உடம்புக்கு என்ன என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பையர் வந்தார். படத்தில் உள்ளவன் மாதிரி ஒரு ராட்சசனை எதிர்பார்த்து வாசலில் நின்ற அக்காமார்களுக்குப் பெருத்த ஏமாற்றம். ஒல்லியான, வெளுத்த பையன். மதியச் சாப்பாட்டில் குழம்பைத் தொட்டதும் கண்ணில் நீர் வந்து, தயிர்ச் சோற்றுக்கு மாறிவிட்டார். ஆனால் அந்த நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் செத்த வீட்டில் பேசுவது போலத் தணிந்த குரலில் பேசினார்.

ஃபினிஷிங்கில் அண்ணன் மேஜை மேல் சட்டையை விரித்தோம். பையர் குனிந்து பார்த்தார். தோளைத் தடவினார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. கறை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்," என்றேன். "ஸ்டோர்காரன் கழுவிய பிறகு."

அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. இந்தத் தடவை குழம்பால் அல்ல. "இத்தனை வருடத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை. இது யார் யோசனை?" என்றார். நான் அண்ணனைக் காட்டினேன். அவர் ராணுவத்தில் இருந்தவர் என்று முதலாளி பெருமையோடு எடுத்துக்கொடுத்தார்.

பையர் அண்ணனை நேராகப் பார்த்து, போரில் இருந்தீர்களா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். சுற்றிலும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ வருஷமாக நாங்கள் கேட்டுக் கேட்டு அவர் சொல்லாத பதில். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், நாற்காலி அவருக்கே. வாயைத் திறந்து அதைச் சொல்லுங்கள் அண்ணா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அண்ணன் மீசையைத் தடவவில்லை.

"இல்ல மேடம். அவருகிட்ட உள்ளதைச் சொல்லுங்க. நான் சண்டைக்கே போனதில்ல. சர்வீஸ் முழுக்கத் துணி ஸ்டோர்லதான் இருந்தேன். பனியன், சாக்ஸு, கம்பளி. சண்டைக்குப் போன பயலுக சில பேரு திரும்பி வர மாட்டாங்க, அவங்க பெட்டி மட்டும் வரும். அதை வீட்டுக்கு அனுப்பணும். சட்டையில கறை இருந்தா நானே தொவச்சு, தேச்சு, மடிச்சு வைப்பேன். கறையோட அனுப்ப முடியுமா? ஆத்தாகாரி பெட்டியத் தொறந்து பாக்கும்ல." கையைப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பழக்கந்தான். கறைன்னு பாத்ததும் கை தன்னால போயிருச்சு."

அத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன். யாருக்கும் அம்மாவே இல்லாத மூன்று தடித்த புத்தகங்களைப் படித்துவிட்டு வந்திருந்தேன். பையர் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. மூத்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஒருத்தரையும் சுடலீங்களாண்ணா? நல்லவேளை போங்க," என்றார். அதில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணனுக்கும்.

பையர் அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். கறை உள்ளவை அப்படியே போகட்டும். கறை இல்லாதவை கடைசிவரை படித்தவர்களுக்கென்று தனியாக விற்பனைக்கு. இனி வருகிற ஆர்டரிலும் இரண்டும் வேண்டும். அவர் கார் கேட்டைத் தாண்டுகிறவரை முதலாளி கும்பிட்டபடியே நின்றார். பிறகு பூரித்துப்போய் உள்ளே வந்தார்.

"இத்தனை வருசம் ஸ்டோர் பாத்தவரைக் கொண்டுபோயி கேட்டுல நிக்க வெச்சுட்டமேங்க! நம்ம துணி ஸ்டோருக்கு நானும் ஆள் தேடித் தேடிச் சலிச்சுப் போயிட்டனுங்க. அண்ணன் இன்னைக்கே அங்க போயர்ட்டுமுங்க. பூராப் பொறுப்பும் இனி அவருதுதானுங்க."

அவர் மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். எங்கள் துணி ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கூரை வரைக்கும் துணி உருளைகள், ஒரு ட்யூப் லைட், ஒரு பூட்டு. ஒரு குரல் கேட்காது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துகொண்டிருந்தது. முடியாது என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

குதிகால் சேர்ந்தது. "சரிங்க முதலாளி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் திரும்பினார், நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார். மேஜையிலிருந்த அடுத்த சட்டையை எடுத்துத் தோள் தையலைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலாளி சற்றுக் காத்திருந்தார். "இப்பவே போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாமுங்களே?"

"சரிங்க முதலாளி." அண்ணன் சட்டையை உட்புறமாகத் திருப்பி, நூல் பிசிறை வெட்டினார்.

முதலாளி இடுப்பிலிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "சாவிங்க."

"சரிங்க முதலாளி." மடித்த சட்டையை அந்தச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூத்த அக்காவைப் பார்த்தார். "டீ கொண்டாரச் சொல்லட்டுங்களா முதலாளி?" என்று அக்கா அன்போடு கேட்டார். தன்னைவிட மூத்த மனிதரை, அதுவும் சொன்னதற்கெல்லாம் சரி என்கிறவரை, எழுந்திரு என்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. சாவியை எடுத்து மறுபடி கொத்தில் மாட்டிக்கொண்டார்.

"செரிங்க," என்றார். "அப்ப நீங்க இங்கயே வேலையப் பாருங்க."

"சரிங்க முதலாளி," என்றார் அண்ணன். அந்த உத்தரவுக்கு மட்டும் அப்படியே கீழ்ப்படிந்தார்.